தண்டவாளம் போனபின் எஞ்சும் பாதை

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து ராக்கி மலைகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி முப்பது ஆண்டுகளில் போடப்பட்ட மூன்றடி அகல ரயில் பாதைகளுள் இன்றும் ரயில் ஓடுபவை சில துண்டுகளே. மற்றவை வெள்ளிச் சுரங்கங்கள் நொடித்தபோதும், பின்னர் லாரிகள் மலையேறத் தொடங்கியபோதும் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. அவற்றின் எச்சங்களைத் தேடிச் செல்வோர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது, கைவிடப்பட்ட ரயில் பாதையில் தண்டவாளம் அநேகமாக இருக்காது என்பதே. இருபதாம் நூற்றாண்டில் ஒரு பாதையை மூட விரும்பிய கம்பெனி, மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்திய மத்திய ஆணையத்திடம் அனுமதி பெற்று, ஓட்டத்தை நிறுத்திய கையோடு இரும்பைப் பெயர்த்து விற்றுவிடுவது வழக்கமாக இருந்தது. பெரும்பாலான பாலங்களின் இரும்பும் உடன் போயிற்று. எஞ்சியவை மண்ணும் கல்லும், ஆங்காங்கே உளுத்த மரமும். ஆயினும் மலையில் ரயில் பாதை போடுவதில் மிகுந்த அறிவும் உழைப்பும் செலவானது இரும்பில் அன்று, அந்த மண்ணிலும் கல்லிலுமே என்பதால், பார்க்கத் தெரிந்தவருக்கு இழப்பு தோற்றத்தில் தெரிவதைவிடச் சிறிதே.

ரயில் பாதையின் அகலம் அல்லது கேஜ் என்பது இரு தண்டவாளங்களின் உட்பக்கங்களுக்கு இடையிலுள்ள தூரம். அமெரிக்காவில் பொதுவாக வழங்கும் அகலம் 4 அடி 8½ அங்குலம். அதாவது 1435 மில்லிமீட்டர். கொலராடோ மலைப்பாதைகள் 3 அடி, அதாவது 914 மில்லிமீட்டர் அகலத்தில் அமைந்தவை. தமிழ் வாசகர்கள் அறிந்த மீட்டர் கேஜைவிடவும் சற்றே குறுகியவை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் பணியாற்றிய வில்லியம் ஜாக்சன் பால்மர் 1870-ல் டென்வர் அண்டு ரியோ கிராண்டே ரயில்வேயைத் தொடங்கினார். அதே ஆண்டு பிரிட்டனில் பயணம் செய்த அவர், வேல்ஸ் நாட்டின் ஃபெஸ்டினியோக் ரயில் பாதை இரண்டடிக்கும் குறைந்த அகலத்தில் பலகைக்கல் சுரங்கங்களுக்காக நீராவி எஞ்சின்களை வெற்றிகரமாக ஓட்டி வந்ததிலிருந்து ஊக்கம் பெற்றார். குறுகிய பாதை இறுக்கமான வளைவுகளில் திரும்பக்கூடியது. ஆகவே மலையிடுக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைமூக்கு ஒவ்வொன்றையும் குடைந்தோ உடைத்தோ நேராகச் செல்லாமல், அதைச் சுற்றிக்கொண்டு ஆற்றோரமாகவே போய்விட முடிந்தது. சிறிய எஞ்சின், இலேசான தண்டவாளம், ஒடுங்கிய மண்தளம் எனச் செலவும் குறைந்தது.

குறுகிய பாதை மலிவானது என்ற இந்த வாதம் பாதி உண்மையே. போடும்போது மிச்சமான பணம், பொது அகலப் பாதையைச் சந்திக்கும் ஒவ்வொரு நிலையத்திலும் சரக்கை ஒரு பெட்டியிலிருந்து மற்றொன்றுக்கு ஆள் வைத்து மாற்றும் கூலியாக ஆண்டுதோறும் வெளியே போயிற்று. பால்மரின் கம்பெனியே இதை உணர்ந்து 1890-ல் தன் முதன்மை வழித்தடத்தைப் பொது அகலத்துக்கு மாற்றிக்கொண்டது. மாற்றப்படாமல் விடப்பட்டவை அன்றே இரண்டாம் தரப் பாதைகளாகிவிட்டன; அவை அடுத்த அறுபது ஆண்டுகள் நீடித்ததுதான் வியப்பு.

இந்தப் பாதைகளின் வாழ்வு தாழ்வு வெள்ளியோடு பிணைந்திருந்தது. அந்தப் பிணைப்பின் ஒரு நுனி இந்தியாவில் இருந்தது என்பது பலரும் கவனிக்காத செய்தி. பொதுமக்கள் கொண்டுவரும் வெள்ளியைத் தடையின்றி ரூபாயாக அடித்துக் கொடுக்கும் வழக்கம் அதுவரை இந்திய நாணயச்சாலைகளில் இருந்து வந்ததால், உலகில் தோண்டப்படும் வெள்ளிக்கு இந்தியா ஒரு பெருஞ்சந்தையாக விளங்கியது; 1893 ஜூன் 26 அன்று பிரிட்டிஷ் இந்திய அரசு அந்த வழக்கத்தைச் சட்டமியற்றி நிறுத்தியதும் வெள்ளியின் விலை சில நாட்களுக்குள் சரிந்தது, கொலராடோவின் சுரங்கங்கள் வரிசையாகக் கதவடைத்தன. மாதந்தோறும் 45 லட்சம் அவுன்ஸ் வெள்ளியை வாங்குமாறு அமெரிக்கக் கருவூலத்தைப் பணித்திருந்த சட்டமும் அதே ஆண்டு நவம்பரில் நீக்கப்பட்டது. ஓட்டோ மியர்ஸ் என்பவர் ரிட்ஜ்வே, டுராங்கோ ஆகிய ஊர்களுக்கிடையே 162 மைல் நீளத்துக்கு அமைத்து 1891 இறுதியில் முடித்த ரியோ கிராண்டே சதர்ன் ரயில்வே, முழுமையடைந்து இரண்டு ஆண்டுகூட நிறையாத நிலையில் கடன்காரர்களுக்காக நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளரின் கைக்குப் போயிற்று. அதன் பின்னரும் அது சாகவில்லை: நீராவி எஞ்சினை ஓட்டக் கட்டுப்படியாகாத காலத்தில், 1931 முதல், பழைய மோட்டார் காரின் உடலைத் தண்டவாளச் சக்கரங்கள்மேல் ஏற்றி, பின்னால் ஒரு சரக்குப்பெட்டியையும் பொருத்தித் தபாலையும் ஓரிரு பயணிகளையும் கொண்டுபோயிற்று. ஆடியாடிச் சென்ற அந்த வண்டிகளுக்கு மக்கள் ‘பாயும் வாத்து’ என்று பொருள்படும் பெயரிட்டனர். 1951-ல் ஓட்டம் நின்றது. லிசர்ட் ஹெட் கணவாய்க்கு அருகில் டிரவுட் ஏரிக்கரையில் அதன் மரச்சட்டப் பாலம் ஒன்றும் நீர்த்தொட்டி ஒன்றும் இன்றும் நிற்கின்றன.

மலைச்சரிவில் தெரியும் ஒரு மண்தடம் ரயில் பாதையா, பழைய வண்டிப்பாதையா என்பதை அறிய உதவும் முதல் அடையாளம் அதன் ஏற்றம். குதிரைகளோ கோவேறு கழுதைகளோ இழுத்த வண்டிக்கான பாதை ஓடையில் இறங்கி மறுபக்கம் ஏறும். ஓரிடத்தில் செங்குத்தாக எழும்பி அடுத்த இடத்தில் சமமாகும். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் உருளும் ரயிலுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. நூறு அடி முன்னே செல்லும்போது ஓரடி உயரும் ஏற்றத்தை ஒரு சதவீத ஏற்றம் என்பர். அப்படிக் கூடும் ஒவ்வொரு சதவீதத்துக்கும், ரயிலின் எடையில் டன் ஒன்றுக்கு ஏறத்தாழ 20 பவுண்டு இழுவிசை கூடுதலாகத் தேவைப்படும். கொலராடோவின் மலைப்பாதைகள் பெரும்பாலும் நான்கு சதவீதத்தை உச்ச வரம்பாகக் கொண்டன. வளைவில் சக்கரங்கள் தண்டவாளத்தை உரசுவதால் இழுவை மேலும் கூடும் என்பதை அறிந்து, வளைவுகளில் ஏற்றத்தைச் சற்றே தளர்த்தவும் செய்தனர். ஆகவே மைல்கணக்கில் மாறாமல் உயர்ந்துகொண்டே போகும், எதிர்ப்படும் ஓடையைக் கண்டு இறங்காமல் கரை கட்டியோ பாலமிட்டோ நேரே கடந்துவிடும் ஒரு தடம், புல் மூடிக் கிடந்தாலும் ரயில் பாதையாகத்தான் இருக்க வேண்டும். நடப்பவரின் கால் இதைக் கண்ணுக்கு முன்னதாகவே உணர்ந்துவிடும்.

அடுத்தவை வெட்டும் மேடும். பாறைமுனையை வெட்டி வழிவிடுவது வெட்டு. பள்ளத்தை மண்ணிட்டு உயர்த்துவது மேடு. வெட்டில் எடுத்த கல்லையும் மண்ணையும் அடுத்த மேட்டுக்குக் கொட்டினால் சுமைதூக்கும் செலவு மிச்சமாகும் என்பதால் இவ்விரண்டும் பெரும்பாலும் அடுத்தடுத்தே காணப்படும். பாறைச்சுவரில் விரல் பருமனைவிடச் சற்றே பெரிய, நீண்ட அரைக்குழல் வடிவத் தடங்கள் தென்பட்டால், அவை தமர் அடித்த குழிகள், அதாவது வெடிமருந்து கெட்டிப்பதற்காகப் பாறையில் துளைத்த துளைகள். பாறை வெடித்துப் பிளந்தபோது துளையின் ஒரு பாதி சுவரோடு தங்கிவிட்டது. இவற்றுள் பல, ஒருவர் உளியைப் பிடித்துத் திருப்ப மற்றொருவர் சம்மட்டியால் அடித்துத் துளைத்தவை. தரையில் சீரான இடைவெளியில் குறுக்காக ஓடும் மெல்லிய பள்ளங்கள், ஸ்லீப்பர் கட்டைகள் மக்கிப் போன இடங்கள். கருநிறமாக, நுண்துளைகளுடன் கிடக்கும் கற்கள் எஞ்சின் அடுப்பிலிருந்து வாரிக் கொட்டிய நிலக்கரிக் கசடு. அது குவியலாக இருந்தால், அங்கே எஞ்சின் நிற்கும் இடமோ நீர்த்தொட்டியோ இருந்திருக்கக் கூடும்.

ஒரு பாதையின் எச்சம் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதை அதன் வயதும் பனியும் தீர்மானித்ததைவிட, அதே இடுக்கு பின்வந்தோருக்குத் தேவைப்பட்டதா என்பதே அதிகம் தீர்மானித்திருக்கிறது. ரயில் பொறியாளர்கள் ஆற்றோரமாகத் தேர்ந்தெடுத்த வழியே அடுத்து வந்த நெடுஞ்சாலைக்கும் ஏற்ற வழியாக இருந்ததால், டென்வருக்கு மேற்கிலுள்ள கிளியர் கிரீக் இடுக்கில் 1870-களில் கொலராடோ சென்ட்ரல் ரயில்வே செதுக்கிய தளத்தின் மீதே இருபதாம் நூற்றாண்டின் நடுவில் சாலை போடப்பட்டது. காரில் விரைபவர் ரயில் தளத்தின் மேல்தான் போகிறார் என்பதை அவருக்கு உணர்த்த அங்கே ஏதும் இல்லை. அதே பாதையின் மேல்முனையில், ஜார்ஜ்டவுன், சில்வர் ப்ளூம் என்ற இரு சுரங்க ஊர்கள் இரண்டு மைல் இடைவெளியில், ஆனால் ஏறத்தாழ 640 அடி உயர வேறுபாட்டில் அமைந்திருந்தன. நேரே போனால் ஏற்றம் ஆறு சதவீதமாகிவிடும். எனவே பாதையை வளைத்து, தன் மேலேயே ஓர் உயர்ந்த பாலத்தால் கடக்கச் செய்து, நீளத்தை நாலரை மைலாக்கி ஏற்றத்தைக் குறைத்தனர். 1884-ல் முடிந்த அந்தப் பாலம் 1939-ல் பாதை கைவிடப்பட்டதும் பழைய இரும்பாக விற்கப்பட்டது. முதல் பாலம் முடிந்து சரியாக நூறாண்டு கழித்து, 1984-ல், அதைப் போன்றதொரு பாலம் புதிதாகக் கட்டப்பட்டுச் சுற்றுலா ரயில் ஓடுகிறது. பார்க்க அழகானதுதான், ஆனால் அதை எச்சம் என்று சொல்வதற்கில்லை.

சாலைக்குப் பதில் அணை வந்த இடம் கன்னிசன் ஆற்றின் பிளாக் கேன்யன். வெயில் எட்டாத கருமையான பாறைச்சுவர்களுக்கிடையே ஆறு பாயும் இந்த இடுக்கில், அயர்லாந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்த தொழிலாளர்களைக் கொண்டு 1881, 1882 ஆண்டுகளில் ரியோ கிராண்டே கம்பெனி சுமார் 15 மைல் பாதை போட்டது. அதற்குக் கீழே இடுக்கு மேலும் ஆழமாகி ரயிலுக்கு இடங்கொடாததால், சிமரன் என்னும் கிளையாற்றின் வழியே பாதை வெளியேற்றப்பட்டது. இடுக்கின் நடுவே ஊசிபோல் எழும் கியூரகான்டி நீடில் என்ற பாறை கம்பெனியின் சின்னத்திலேயே இடம்பெற்றது. 1889-ல் எழுத்தாளர் ருட்யார்டு கிப்ளிங் இவ்வழியே ரயிலில் சென்றார். 1949-ல் பாதை கைவிடப்பட்டது. 1960-களில் புளூ மேசா, மாரோ பாயின்ட் என்ற இரு அணைகள் எழும்பியதும் ரயில் தளத்தில் பெரும்பகுதி நீருக்குள் போயிற்று. எஞ்சியதைக் காண விரும்புவோர் பைன் கிரீக் என்ற இடத்தில் இருநூறுக்கு மேற்பட்ட படிகள் இறங்கி, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தப்பிக் கிடக்கும் பழைய தளத்தில் நடக்கலாம். சிமரன் ஆற்றின் மேல் 1895-ல் அமைத்த இரும்புப் பாலம், அதன்மேல் நிறுத்தப்பட்டுள்ள 1882-ம் ஆண்டு எஞ்சினோடும் பெட்டிகளோடும் தேசியப் பூங்காத் துறையின் காப்பில் உள்ளது. இந்த இடுக்கில் பழைய பாதையின் அமைப்பை முழுதாக மனத்தில் கொண்டுவர அப்பாலமும் அந்தச் சிறு நடைபாதையும் போதா. அணைகட்டுமுன் எடுத்த நிழற்படங்கள் இல்லாமல் இங்கே எதுவும் விளங்காது.

டென்வர் நகரின் குடிநீர் வாரியம் காத்துவரும் வாட்டர்டன் இடுக்கு இவற்றிலிருந்து வேறுபட்டது. அங்கே டென்வர், சவுத் பார்க் அண்டு பசிபிக் ரயில்வேயின் தளம் நீர்ப்பணிக்கான சாலையாக மாறி, நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் திறந்திருக்கிறது. வளைவுகளும் ஏற்றமும் பழையபடியே உள்ளன.

அந்தக் கம்பெனியின் மற்றொரு முனையில்தான் மிகச் சிறந்த எச்சம் இருக்கிறது. காரணம், அங்கே பாதை போன இடத்துக்கு அதன் பிறகு எவரும் எதற்கும் போகத் தேவைப்படவில்லை. பசிபிக் கடலைத் தொடும் கனவைப் பெயரில் மட்டும் சுமந்த இந்தக் கம்பெனி, கன்னிசன் நகரைப் போட்டிக் கம்பெனிக்கு முன்னால் எட்டிப்பிடிக்கும் நோக்கில், கண்டத்தின் நீர்ப்பிரிமேட்டை, அதாவது மழைநீர் அட்லாண்டிக் பக்கமும் பசிபிக் பக்கமும் பிரியும் முகட்டை, 11,500 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் 1,772 அடி நீளச் சுரங்கத்தால் துளைக்கத் துணிந்தது. ஆல்பைன் சுரங்கம் எனப்படும் அது 1880 தொடக்கத்தில் தொடங்கி 1881 இறுதியில் முடிந்தது. கெட்டியான பாறையை எதிர்பார்த்த பொறியாளர்களுக்கு உதிர்ந்து கொட்டும் பாறையே கிடைத்ததால், உள்ளே தாங்குசட்டம் அமைக்கக் கலிபோர்னியாவிலிருந்து ரெட்வுட் மரக் கட்டைகளை வரவழைக்க நேர்ந்தது. இத்தனைக்கும் பிறகு 1882-ல் கன்னிசனை அடைந்தபோது ரியோ கிராண்டே ரயில் அங்கே ஓராண்டு முன்னதாகவே வந்து நின்றிருந்தது. பனி இந்தப் பாதையை விட்டுவைக்கவில்லை: 1884 மார்ச்சில் உட்ஸ்டாக் என்ற நிலையத்தைப் பனிச்சரிவு துடைத்தெறிந்து பத்துப் பேருக்கு மேல் பலிகொண்டது, 1888 முதல் 1895 வரை சுரங்கம் மூடியே கிடந்தது, 1910-ல் ஓட்டம் அடியோடு நின்றது. முப்பது ஆண்டுகூட நிறையாத, அதிலும் பல ஆண்டுகள் உறங்கிய ஒரு பாதை இது. வணிகக் கணக்கில் முழுத் தோல்வி என்றே சொல்ல வேண்டும்.

அந்தத் தோல்விதான் அதைக் காத்தது. சுரங்கத்தின் இரு வாய்களும் சரிந்து மூடிவிட்டன. ஆனால் மேற்குப் பக்கத்தில் பாலிசேட்ஸ் எனப்படும் செங்குத்துப் பாறையின் இடுப்பில், ஏறத்தாழ 450 அடி நீளத்துக்கு, சுண்ணாம்போ சிமெண்டோ இன்றி வெறும் கல்லடுக்காகக் கட்டிய தாங்குசுவர் ரயில் தளத்தைச் சுமந்து இன்றும் நிற்கிறது. கல்லின் முகத்தைச் செதுக்கி, ஒன்றன் எடையால் மற்றொன்று நகராதபடி அடுக்கிய இச்சுவரில் நீர் தேங்க வழியில்லை. சாந்திட்ட சுவராக இருந்திருந்தால் உள்ளே தேங்கிய நீர் உறைந்து விரிந்து அதைப் பிளந்திருக்கும். 2016-ல் பனிச்சரிவு ஒன்று அதன் ஒரு பகுதியைத் தகர்த்தது, பின்னர் பழுதுபார்க்கப்பட்டது. சற்று மேலே, 1906-ல் தீப்பிடித்த எஞ்சின் கொட்டகையின் கற்சுவர்களும், புதுப்பிக்கப்பட்ட தந்தி அலுவலகமும், தன்னார்வலர்கள் மீண்டும் பதித்த சிறு துண்டுத் தண்டவாளமும் உள்ளன.

இத்தகைய இடங்களுக்குச் செல்வோர் கையில் கொண்டுபோக வேண்டிய ஆவணங்கள் உண்டு. ரயில் கம்பெனிகளின் சொத்துமதிப்பைக் கணக்கிட அமெரிக்க அரசு 1913-ல் சட்டம் இயற்றியதைத் தொடர்ந்து, ஒவ்வொரு பாலம், மதகு, கிளைத்தடம், கட்டடம் ஆகியவற்றைக் குறித்த மதிப்பீட்டு வரைபடங்கள் தயாராயின. இன்று தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள இவை, கட்டண நிர்ணயத்துக்காகப் பிறந்தவையானாலும், எச்சங்களைத் தேடுவோருக்கு வேறெதையும்விடப் பயன்படுகின்றன. கம்பெனிகளுக்காக வில்லியம் ஹென்றி ஜாக்சன் எடுத்த நிழற்படங்களில் பின்னணியாகத் தெரியும் மலைமுகட்டின் கோட்டை நேரில் பொருத்திப் பார்த்தால், அவர் கேமராவை நிறுத்திய இடத்தையும், அதிலிருந்து மறைந்துபோன நிலையத்தின் இடத்தையும் கண்டறியலாம். அண்மைக் காலத்தில், விமானத்திலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சி மரங்களுக்குக் கீழுள்ள தரைவடிவை அளக்கும் முறை, காட்டுக்குள் மறைந்த மேடுகளையும் வெட்டுகளையும் திரையில் தெளிவாகக் காட்டிவிடுகிறது.

சட்டமும் கவனத்துக்குரியது. அரசு நிலத்தில் கிடக்கும் ஆணி, புட்டி, இரும்புத் துண்டு போன்றவை சாதாரணமாகத் தோன்றினாலும், நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருள்களை அனுமதியின்றி எடுப்பதை 1979-ம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. தளத்தின் உரிமையோ மேலும் சிக்கலானது: பொதுநிலத்தின் ஊடாக 1875-ம் ஆண்டுச் சட்டப்படி ரயில் கம்பெனிகள் பெற்றது நிலமன்று, வழியுரிமை மட்டுமே என்றும், பாதை கைவிடப்பட்டதும் அவ்வுரிமை மறைந்துவிடும் என்றும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014-ல் தீர்ப்பளித்தது. எனவே ஒரே தளம் அடுத்தடுத்து அரசுக் காடாகவும் தனியார் மேய்ச்சல் நிலமாகவும் இருக்கக் கூடும். நடுவில் வேலி குறுக்கிட்டால் திரும்ப வேண்டியதுதான். மூடிய சுரங்கங்களுக்குள் நுழைவது எந்த நிலையிலும் கூடாது. உதிரும் பாறையும் உயிர்வளி குன்றிய காற்றும் எச்சரிக்கை தருவதில்லை.

இவற்றைப் படிக்கக் கற்றுக்கொள்ள விரும்புவோர் முதலில் உயிருள்ள பாதை ஒன்றில் பயணம் செய்வது நல்லது. ரியோ கிராண்டே கம்பெனி தன் கடைசிக் குறுகிய பாதைகளில் சரக்கு ஓட்டத்தை 1968-ல் நிறுத்தியபின், ஆன்டோனிட்டோவுக்கும் சாமாவுக்கும் இடைப்பட்ட 64 மைல் பாதையைக் கொலராடோ, நியூ மெக்சிகோ மாநிலங்கள் சேர்ந்து 1970-ல் வாங்கிச் சுற்றுலா ரயிலாக்கின. மேற்கே டுராங்கோவிலிருந்து அனிமாஸ் ஆற்றிடுக்கின் வழியே சில்வர்ட்டனுக்கும் நீராவி ரயில் ஓடுகிறது. சாமாவிலிருந்து கும்ப்ரெஸ் கணவாய்க்கு ஏறும் நான்கு சதவீத ஏற்றத்தில் எஞ்சின் எங்கே மூச்சு வாங்குகிறது, எங்கே நீருக்காக நிற்கிறது, கசடு எங்கே கொட்டப்படுகிறது என்பதைப் பார்த்தவருக்கு, கைவிடப்பட்ட தளத்தில் காணும் குவியலும் குழியும் தாமே பொருள்படும். அந்த இரு ரயில்களுக்கும் நடுவே, சாமாவுக்கும் டுராங்கோவுக்கும் இடையில், ஒரே கம்பெனி ஒரே காலத்தில் போட்ட பாதையின் நூறு மைலுக்கு மேற்பட்ட பகுதி தண்டவாளம் பெயர்க்கப்பட்டுக் கிடக்கிறது.